517: நிர்வாக எல்லையும் அஞ்சல் வழியும்

சித்தூர் மாவட்டத்தில் கங்காதர நெல்லூர் என்றோர் ஊர் உள்ளது. பெண்ணாற்றங்கரை நெல்லூர் நகரம் வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது ‘கங்காதர’ என்ற முன்னடை மட்டுமே. முகவரி எழுதுவோர் அதை ‘ஜி.டி.’ என்று சுருக்கலாம், விட்டும் விடலாம். விட்டுவிட்டால் கடிதம் வேறொரு மாவட்டத்துக்குப் போய்ச் சேரும்.

ஒரே பெயருடைய ஊர்கள், ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள், பல மொழிகளில் எழுதப்படும் உறைகள் ஆகிய சிக்கல்களுக்குத் தீர்வாக 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. அதை வடிவமைத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சக அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும்கூட. மொழியில் தோய்ந்த ஒருவரே மொழி சாராத முகவரியை உருவாக்கினார் என்பது கவனத்துக்குரியது.

இவ்வெண்ணுக்கு ஓர் இலக்கணம் உண்டு. முதல் இலக்கம் மண்டலத்தையும், இரண்டாவது அதன் உட்பிரிவையும், மூன்றாவது கடிதங்கள் பிரிக்கப்படும் வட்டாரத்தையும், இறுதி மூன்றும் அஞ்சலகத்தையும் சுட்டுகின்றன. ஆந்திரமும் கர்நாடகமும் 5. தமிழகமும் கேரளமும் 6. ராணுவ அஞ்சல் 9. சித்தூர்ப் பகுதி 517 என்றும், அதையடுத்த குடியாத்தம் 632 என்றும் தொடங்குகின்றன. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இந்நிலத்தின் பெரும்பகுதி வட ஆற்காட்டில் இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் வகுத்த எல்லையே இங்கு முதல் இலக்கத்தில் பதிந்துள்ளது.

ஆயினும் இவ்வெண்ணை நிர்வாக வரைபடமாகக் கொள்வது பிழை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஏனாமின் எண் 533 எனத் தொடங்குகிறது. காரணம், அது கோதாவரிக் கரையில் ஆந்திரத்தால் சூழப்பட்டிருப்பது. கடிதம் செல்லும் வழியே இங்கு அளவுகோல்.

2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமானது. நெல்லூர் மாவட்டத்தின் கூடூர், சூளூர்ப்பேட்டை, வெங்கடகிரி ஆகிய பகுதிகளும் அதனுடன் இணைந்தன. எண்கள் மாறவில்லை. ஆகவே இன்று திருப்பதி மாவட்டத்தில் 517, 524 இரண்டும் உள்ளன. 517 என்பதோ ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களுக்குப் பொது.

சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுகள் இந்த வரலாற்றின் நேரடி வாரிசுகள். எந்தப் பொதி எந்தக் கிடங்குக்கு, எந்த வண்டியில் என்பதை அவற்றின் மென்பொருள் பெரும்பாலும் இந்த ஆறு இலக்கங்களைக் கொண்டே தீர்மானிக்கிறது. முதல் மூன்று இலக்கங்களிலிருந்து மாவட்டத்தை ஊகிக்கும்படி நிரல் எழுதப்பட்டிருந்தால், சூளூர்ப்பேட்டைக்குரிய பொதி ஏட்டில் நெல்லூர் மாவட்டத்துக்கே சேரும். எண்ணையும் மாவட்டத்தையும் தனித்தனிப் புலங்களாக வைத்து, எல்லை மாறும்போதெல்லாம் அட்டவணையைத் திருத்துவதே இத்துறை நிர்வாகத்தின் ஓசையற்ற அன்றாடப் பணி.

2025இல் அஞ்சல் துறை வெளியிட்ட டிஜிபின், சுமார் நான்கு மீட்டர் சதுரம் ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. அது ஊர்ப் பெயரையும் அஞ்சல் வழியையும் சாராமல் ஆயத்தொலைவை மட்டுமே சார்ந்தது. பெயர் ஓர் ஊரின் நினைவைச் சுமக்கிறது. 517 ஒரு காலத்தின் அஞ்சல் வழியைச் சுமக்கிறது. புதிய குறியீடு நிலத்தின் ஒரு புள்ளியை மட்டுமே சுட்டும். இம்மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதாத ஏடுகளே நாளைய ஆய்வாளருக்கும் பயன்படும்.