வடபாதையும் தடைமுகாமும்: கண்டிச் சீமையின் தொற்றுத்தடை வரலாறு

கண்டிச் சீமையில் கோப்பிப் பயிர்ச்செய்கை விரிவுற்ற 1840களில், தென்னிந்தியத் தொழிலாளர் மன்னாரில் கரையிறங்கி, காடுகளூடாகத் தம்புள்ளை, மாத்தளை வழியே கால்நடையாகவே மலைநாட்டை அடைந்தனர். வடபாதை எனப்பட்ட அவ்வழி ஏறத்தாழ 150 மைல் நீளமுடையது. நீரின்மையும் பசியும் வாந்திபேதியும் அவர்களுட் பலரை வழியிலேயே மாய்த்தன. நடக்கவியலாத நோயாளர் பாதையோரத்தில் கைவிடப்பட்டமையும் உண்டு. ஆயினும் அப்பாதையை மூடுதல் வேண்டும் என்னும் எண்ணம் ஆட்சியாளரிடம் நெடுங்காலம் வலுப்பெறவில்லை. அறுவடைக்கு ஆட்கள் தேவைப்பட்டனர், காரணம் அவ்வளவே.

1896இல் பம்பாயிற் பிளேக் நோய் தோன்றியதும் நிலைமை மாறிற்று. அடுத்த ஆண்டிலேயே இந்தியாவிலே தொற்றுநோய்ச் சட்டமும், இலங்கையிலே 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தொற்றுத்தடை, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமும் நிறைவேறின. அந்நூற்றாண்டு முடிவதற்குள் வடபாதை தொழிலாளருக்கு அடைக்கப்பட்டது. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் தடைமுகாம்கள் இயங்கின. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிற் கப்பற்சேவை தொடங்கிய பின் மண்டபமே மலைநாட்டின் வாயிலாயிற்று. தொழிலாளர் அங்கே சில நாட்கள் மறித்து வைக்கப்பட்டனர், அம்மை குத்தப்பட்டது, உடைகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன.

இம்முகாம்கள் உயிர்களைக் காத்தன என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் அவை ஆற்றிய பணி அது மட்டுமன்று. 1901இல் வழக்கிற்கு வந்த தகரத் துண்டில், தொழிலாளி சேரவேண்டிய தோட்டம் இலக்கத்தாற் குறிக்கப்பட்டிருந்தது. அவன் பயணச் செலவு அத்தோட்டத்தின் கணக்கிலே எழுதப்பட்டது. நோயைத் தடுக்கும் ஏற்பாடும் ஆளைக் குறித்த தோட்டத்திற்கு ஒப்படைக்கும் ஏற்பாடும் ஒன்றாயின. சுகாதார வரலாறு எழுதுவோர் முன்னதையும் தொழிலாளர் வரலாறு எழுதுவோர் பின்னதையும் தனித்தனியே பேசுவது பொருந்தாது.

தொற்றைக் கணிதத்தால் விளக்கும் முயற்சியும் பம்பாய்ப் பிளேக்குடன் தொடர்புடையதே. இந்திய மருத்துவ சேவையிற் பணியாற்றிய மக்கென்ட்ரிக், கேர்மாக்குடன் இணைந்து 1927இல் வெளியிட்ட ஆய்வில், 1905-06இல் அந்நகரில் நிகழ்ந்த பிளேக் மரணங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டார். நோய் தொற்றத்தக்கோர், தொற்றுடையோர், குணமடைந்தோ இறந்தோ நீங்கியோர் என மக்களை அவர்கள் வகுத்தனர். தொற்றத்தக்கோர் தொகை ஓர் எல்லைக்குக் கீழே குறைந்ததும் நோய் தணியும் என்பது அவர்தம் முடிபு. மனிதர் சந்திப்பைக் குறைத்தாலும் பரவல் தளரும் என்பதை இச்சமன்பாடுகளிலிருந்தே பெறலாம். 2020இல் உலக அரசுகள் கேட்டறிந்த கணிப்புகள் பல இதன் வழித்தோன்றல்களே. ஆயின் அம்மூலவடிவம், எல்லோரும் எல்லோரையும் ஒரே அளவிற் சந்திப்பர் எனக் கொள்கிறது. கங்காணியும் துரையும் ஒரே வகையிற் பயணஞ்செய்தனர் என்பது போன்றதே இது! பிற்கால ஆய்வாளர் வயது, தொழில், வாழிடம் எனப் பிரித்துத் திருத்தினர். எனினும் அத்தகைய பிரிவுக்கு வேண்டிய தரவு தோட்டத்து லயன்களிலிருந்து எளிதிற் கிட்டுவதன்று.

2020 மார்ச் 20ஆந் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அம்மாத இறுதியில், கண்டி மாவட்டத்து அக்குறணையில் நோயாளி ஒருவர் இனங்காணப்பட்டதும் அப்பகுதி தனிமைப்படுத்தப்பட்டது. கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதியில், பழைய வடபாதையின் தடத்திலேயே அமைந்த வணிக ஊர் அது. வீதி மீண்டும் அடைபட்டது. இம்முறை அடைபட்டோர் கடைக்காரரும் ஊராரும்.

அதே ஊரடங்குக் காலத்திலே தேயிலைத் தோட்ட வேலைக்கு விலக்களிக்கப்பட்டது. வளர்ந்த கொழுந்து காத்திராது. ஏற்றுமதி வருவாயும் வேண்டும். வீட்டிலிருங்கள், ஒரு மீற்றர் விலகி நில்லுங்கள் என்ற அறிவுரை, சிற்றறையிற் பலர் உறங்கி ஒரே குழாயில் நீர் பிடிக்கும் லயன் குடும்பத்திற்கு எவ்வாறு பொருந்தும்? நகரத்தில் ஊரடங்கு மனிதர் சந்திப்பைக் குறைத்த நாட்களில், தோட்டத்திலே பெண்கள் வழமைபோல மலையேறினர். கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றனர். அப்போதும் நோய்த்தடுப்பு நடவடிக்கைகளுக்கு அடிப்படையாயிருந்தது 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே.