வேலையை நகர்த்தும் விதி பிறந்த கதை

மணிமுத்தாறு அணையில் பிசானப் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்க அரசு போடும் உத்தரவை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். எந்தக் கால்வாய், எத்தனை ஏக்கர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எல்லாம் சொல்லிவிட்டு, நீர் இருப்பையும் வரத்தையும் பொறுத்துத் தேவைக்கேற்பத் திறக்கலாம் என்று ஒரு வரி வைத்திருப்பார்கள். பிரதானக் கால்வாயில் ‘ரீச்’ எனப்படும் பகுதிகள் 4. எல்லாவற்றுக்கும் ஒரே வருஷம் தண்ணீர் காணாது. அதனால் ஒரு வருஷம் 1, 2-ம் ரீச்சுக்கு முன்னுரிமை, மறு வருஷம் 3, 4-க்கு. பெருங்கால் என்ற இன்னொரு கால்வாயின் பாசனத்துக்குத் தனிக் கணக்கு. இத்தனையும் ஷட்டரைத் திருகும் லஸ்கரிடம் வந்து சேரும்போது மூன்றே விஷயமாகச் சுருங்கிவிடும்: பருவம் வந்துவிட்டது, அணையில் இருப்பு இருக்கிறது, இந்த மதகைத் திற.

நிகழ்ச்சி, நிபந்தனை, செயல். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருளில் ‘ரூல்’ என்று இன்று நாம் அமைப்பதும் இந்த மூன்றைத்தான். ஒரு வேலை ‘முடிந்தது’ என்று மாறினால், தொகை இவ்வளவுக்கு மேல் இருந்தால், மேலாளருக்கு அனுப்பு. இது ப்ராஜெக்ட்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிறந்த இடம் வேறு.

1970-களில் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் ‘சிஸ்டம் ஆர்’ என்ற தரவுத்தளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவில் இருந்தவர் கே. பி. ஈஸ்வரன். ஒரே தரவைப் பல பேர் ஒரே நேரத்தில் தொடும்போது குழப்பம் வராமல் பூட்டுவது எப்படி என்று ஜிம் கிரே முதலியோருடன் சேர்ந்து அவர் 1976-இல் எழுதிய கட்டுரையைக் கணினித் துறை இன்றும் கொண்டாடுகிறது. அதே ஆண்டு ‘ட்ரிகர்’ பற்றி அவர் எழுதிய ஆய்வறிக்கையை அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய காரியமாகப் படுகிறது.

அதுவரை இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். கிடங்கில் உர மூட்டை 50-க்குக் கீழே போனால் புதிதாக ஆர்டர் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விற்பனைக்கு ஒரு புரோகிராம், சேதக் கணக்குக்கு ஒன்று, கிளைக்கு மாற்றுவதற்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் இந்தச் சோதனையைத் தனித்தனியாக எழுத வேண்டும். ஒருவர் எழுத மறந்தால் போச்சு, மூட்டை தீரும்வரை யாருக்கும் தெரியாது. அந்தச் சோதனையைத் தரவுத்தளத்துக்குள்ளேயே வைத்துவிட்டால் எண்ணிக்கையை யார் மாற்றினாலும், எந்த வழியாக மாற்றினாலும் அது தானே விழித்துக்கொள்ளும். இதுதான் ட்ரிகர். நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு மனிதர்களிடமிருந்து தரவுக்கே போய்விட்டது. தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல்.-இன் தரநிலையில் ட்ரிகர் இடம்பிடிக்க 1999 ஆகிவிட்டது.

அலுவலக வேலைக்கு இப்படி விதிகளைக் கொண்டுவந்தவர்களில் முந்தியவர் மைக்கேல் ஸிஸ்மன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் 1977-இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வில் ‘ஸ்கூப்’ என்ற அமைப்பு வருகிறது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஓர் ஆய்விதழ் ஆசிரியரின் மேஜை. கட்டுரை வருகிறது, மதிப்பீட்டாளருக்குப் போகிறது, பதில் வரவில்லை என்றால் நினைவூட்டல் போகிறது. கார்ல் ஆடம் பெட்ரி 1962-இல் தந்த வலைப்பின்னல் வரைபடத்தில் வேலை இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டி, அதோடு விதிகளையும் இணைத்தார் ஸிஸ்மன். இன்று பலகையில் அட்டைகளை ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்கு இழுக்கிறோமே, அதன் சாயலை இங்கேயே பார்க்கலாம்.

1987-இல் எம்ஐடியில் தாமஸ் மலோன் குழுவினர் புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் தங்கள் மின்னஞ்சலுக்கு விதி வைத்துக்கொள்ளும்படி ஓர் அமைப்பைச் செய்துகாட்டினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் உமேஷ்வர் தயாள் முதலியோரின் ‘ஹைபேக்’ திட்டம் நிகழ்ச்சி, நிபந்தனை, செயல் என்று மூன்றையும் தெளிவாகப் பிரித்து வைத்தது.

இதற்கு நடுவே ஒரு பெண் வேறொன்றைச் சொல்லியிருந்தார். ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மானுடவியலாளர் லூசி சுச்மன். ஒரு கணக்குப் பிரிவில் உட்கார்ந்து, பணம் போகாமல் நின்றுபோன ஒரு பில்லை இரண்டு பேர் எப்படித் தேடித் துருவிச் சரிசெய்கிறார்கள் என்று பார்த்து, பேச்சு பேச்சாகப் பதிந்து 1983-இல் வெளியிட்டார். காகிதம் ஒன்று காணவில்லை. இருப்பதை வைத்து நடந்தது என்னவாக இருக்கும் என்று அவர்கள் ஊகிக்கிறார்கள், ஒத்துப்பார்க்கிறார்கள், கடைசியில் கோப்பை ஒழுங்காக்குகிறார்கள். எழுதிவைத்த நடைமுறைப்படி அவர்கள் வேலை செய்யவில்லை. வேலை முடிந்த பிறகு கோப்பைப் பார்த்தால்தான் நடைமுறைப்படி நடந்த மாதிரி தெரியும். விதி எழுத உட்காரும் ஒவ்வொருவரும் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு உட்கார வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன்.

பிறகு வந்த மென்பொருள்கள் நமக்குத் தெரிந்த பெயர்கள். 2002-இல் ஜிரா, 2006-இல் ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ், 2011-இல் ட்ரெல்லோ. இவற்றில் ஜோஹோ, கதை தொடங்கிய வட்டாரத்துக்கே வந்தது. மணிமுத்தாறிலிருந்து கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கடையம் வழியாகத் தென்காசிக்குப் போகும் பாதையில் மத்தளம்பாறை வரும். ஜோஹோ 2011-இல் அங்கே அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஜோஹோ டெஸ்க் அந்தத் தென்காசி மண்ணில் வளர்ந்த மென்பொருள். புகார் வந்து இத்தனை மணி நேரத்தில் பதில் போகாவிட்டால் மேலே அனுப்பு என்கிற விதிகள் அதன் உயிர்நாடி. கார், பிசானம் என்று வருஷத்தைப் பருவங்களாகப் பிரித்துப் பழகிய வட்டாரத்துப் பிள்ளைகள் உலகத்து அலுவலகங்களின் காலக்கெடுவைக் கட்டிக்காப்பதில் எனக்கு உள்ளபடியே பெருமை.

விதி வைக்கும்போது தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது, ஒன்றையொன்று கிளப்பிவிடும் விதிகள். வேலையின் நிலை மாறினால் முன்னுரிமையை மாற்று என்று ஒன்று. முன்னுரிமை மாறினால் நிலையை மாற்று என்று இன்னொன்று. தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. சேர்த்து வைத்தால் ஓயாமல் சுற்றும். எந்த விதி எதைக் கிளப்புகிறது என்று கோடு போட்டு, வட்டம் விழுகிறதா என்று பார்க்கும் முறையை அலெக்ஸ் ஐக்கன், ஜெனிஃபர் விடம், ஜோசப் ஹெல்லர்ஸ்டீன் மூவரும் 1992-இலேயே எழுதிவிட்டார்கள். ஒரு தாளும் பென்சிலும் போதும், இன்றும் அதைச் செய்யலாம்.

இரண்டாவது இன்னும் மோசமானது, ஏனென்றால் சத்தமே வராது. பில் சரிபார்ப்பு முடிந்ததும், தொகை 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் மேலாளருக்கு, 50,000 அல்லது அதற்குக் கீழ் என்றால் கணக்காளருக்கு என்று இரண்டு விதி வைக்கிறீர்கள். அவசரத்தில் ஒருவர் தொகையை நிரப்பாமலே ‘முடிந்தது’ என்று தட்டிவிடுகிறார். காலியாக இருக்கும் கட்டம் 50,000-க்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இரண்டு விதியும் பேசாமல் இருந்துவிடும். பில் யாரிடமும் போகாது. பணம் வரவேண்டிய கடைக்காரர் போன் போட்ட பிறகுதான் விஷயம் தெரியும். தொகை இல்லாமல் நிலையை மாற்ற முடியாதபடி முதலில் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்கு மேல், எந்த வேலையும் 3 நாள் அசையாமல் கிடந்தால் அதைத் தொடங்கியவருக்கே தகவல் போகும்படி நேரத்தை வைத்து ஒரு விதி சேர்க்க வேண்டும். பதில் போடாத மதிப்பீட்டாளருக்கு நினைவூட்டல் அனுப்ப ஸிஸ்மன் 1977-இல் எழுதிய விதியும் இந்த வகைதான்.