முன்னணையும் குறவஞ்சியும்: கிறித்து பிறப்பின் பொருளும் தமிழ் இலக்கியமும்

முன்னுரை

புதுதில்லியில் அயல்நாட்டுத் தூதரகங்கள் நிறைந்த பகுதி சாணக்யபுரி. அங்குள்ள நீதி மார்க்கில் வத்திக்கானின் தூதரகம் அமைந்துள்ளது. இந்தியாவுக்கும் வத்திக்கானுக்கும் இடையிலான தூதரக உறவு 1948இல் தொடங்கிற்று. 1999 நவம்பரில் தில்லிக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ஆசியத் திருச்சபை பற்றிய அறிவுரை மடல் ஒன்றில் நவம்பர் 6ஆம் நாள் தில்லி திருஇருதயப் பேராலயத்தில் கையெழுத்திட்டார். ஆசிய மண்ணில் ஆசியராகப் பிறந்த இயேசுவை ஆசிய மக்களுள் பெரும்பாலோர் மேலைநாட்டவராகவே கருதுகின்றனர் என்னும் முரணை அம்மடல் சுட்டுகின்றது.

இம்முரணைக் களையும் முயற்சி தமிழில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. பெத்லகேமில் பிறந்த குழந்தையைத் தமிழ்ப் புலவர்கள் தமிழ் மரபுக்குள் எவ்வாறு கொணர்ந்தனர் என்பதையும், அப்பிறப்பின் பொருள் தமிழ்க் கிறித்தவரின் வாழ்வில் எவ்விடத்தில் தடைப்பட்டது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழாவின் சமயப் பொருள்

இயேசு பிறந்த நாள் இன்னதென்று நற்செய்தி நூல்கள் குறிப்பிடவில்லை. டிசம்பர் 25ஆம் நாளில் இவ்விழா கொண்டாடப்பட்டமைக்கு உரோமை நகரில் நான்காம் நூற்றாண்டுச் சான்று கிடைக்கின்றது. ஆர்மீனியத் திருச்சபை சனவரி 6ஆம் நாளையே இன்றும் பிறப்பு விழாவாகப் போற்றுகின்றது. எனவே, நம்பிக்கையாளருக்கு இவ்விழாவின் சிறப்பு நாளில் இல்லை. நிகழ்வின் பொருளிலேயே உள்ளது என்பது தெளிவு.

அப்பொருளை 'மனுவுருவாதல்' என்னும் சொல் உணர்த்துகின்றது. 451இல் கூடிய கால்சிதோன் பொதுச்சங்கம், கிறித்து முழுமையான கடவுளும் முழுமையான மனிதரும் ஆவார் என வரையறுத்தது. தமிழ்க் கிறித்தவர் 'அவதாரம்' என்னும் சொல்லையும் ஆண்டுள்ளனர். ஆயினும் இவ்விரண்டனுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. வைணவ மரபில் அவதாரங்கள் பல. கிறித்தவ நம்பிக்கையில் மனுவுருவாதல் வரலாற்றில் ஒருமுறையே நிகழ்ந்தது. ஏற்ற மனித இயல்பு பின்னர்க் களையப்படவும் இல்லை.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகம் இதனை இறைவன் தம்மையே வெறுமையாக்கிக்கொண்ட செயலாகக் காண்கின்றது. லூக்கா நற்செய்தியின்படி, விடுதியில் இடம் கிடைக்காமையால் குழந்தை கால்நடைத் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டது. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகள் இதனை 'முன்னணை' என்று வழங்கின. அச்செய்தி முதலில் அறிவிக்கப்பட்டது அரண்மனைக்கு அன்று. வயல்வெளியில் இரவில் மந்தை காத்த இடையர்க்கே ஆகும். ஆகவே, பிறந்த இடத்தின் எளிமையும் செய்தி பெற்றோரின் எளிமையும் விழாவின் சமயப் பொருளோடு பிரிக்கவொண்ணாதவை.

தேம்பாவணியில் தச்சன்

இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழகத்தில் தொண்டாற்றிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி, மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட காப்பியம் ஆகும். நாட்டுப்படலம், நகரப்படலம் எனத் தமிழ்க் காப்பிய முறைப்படியே அது தொடங்குகின்றது. யூதேய நாடு தமிழ்ப் புலவர் பாடும் வளநாட்டின் சாயலைப் பெறுகின்றது.

இக்காப்பியத்தின் தலைவர் இயேசு அல்லர். அவரை வளர்த்த சூசை ஆவார். அவருக்கு 'வளன்' என்னும் தமிழ்ப்பெயரை முனிவர் சூட்டினார். தனக்கு ஒப்பில்லாத தலைவனைப் பெருங்காப்பியம் பெற்றிருத்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் கூறும் இலக்கணம். அவ்விடத்தில் போர் வென்ற வேந்தனை நிறுத்தாமல், தாவீதின் மரபில் தோன்றியும் தச்சுத்தொழில் செய்து வாழ்ந்த ஒருவரை நிறுத்தியமை கருதத்தக்கது. இறைவன் எளியோர் இல்லத்தில் பிறந்தான் என்னும் சமயக் கருத்து, காப்பியத் தலைமை பற்றிய இலக்கணத்திற்கே புதுப்பொருள் தந்துவிட்டது எனலாம்.

பெத்லகேம் குறவஞ்சியில் குறத்தி

வேதநாயகம் சாஸ்திரியார் (1774 – 1864) தஞ்சையில் மறைப்பணியாளர் சுவார்ட்சிடம் பயின்றவர். மன்னர் இரண்டாம் சரபோசியின் இளமைக்காலத் தோழர். 1800ஆம் ஆண்டை ஒட்டி அவர் படைத்த பெத்லகேம் குறவஞ்சி, கோயில்களிலும் அரசவையிலும் செல்வாக்குப் பெற்றிருந்த சிற்றிலக்கிய வகையைக் கிறித்தவத்திற்கு உரியதாக்கியது.

குறவஞ்சியில் தலைவி உலா வரும் தலைவனைக் கண்டு காதல் கொள்கிறாள். குறத்தி வந்து குறி சொல்லி அவனை அடைவாள் எனத் தேற்றுகிறாள். சாஸ்திரியாரின் நூலில் தலைவன் பெத்லகேம் நாதர். தலைவி திருச்சபையைக் குறிக்கும் தேவமோகினி. குறத்தியும், பறவை பிடிக்கும் சிங்கனும் நம்பிக்கையையும் நற்செய்திப் பணியையும் உணர்த்தும் உருவகங்களாகின்றனர்.

இவண் ஓர் ஒப்புமை நோக்கத்தக்கது. குறவஞ்சியில் உயர்குடித் தலைவிக்கு நற்செய்தி சொல்பவள் மலையிலிருந்து வரும் குறத்தி. சமூக ஏணியில் கீழ் நிற்பவளே அறிவுடையவள். மேல் நிற்பவளோ அவள் சொல்லுக்குக் காத்திருப்பவள். லூக்கா நற்செய்தியில் இடையர் பெறும் இடத்தையே குறவஞ்சியில் குறத்தி பெறுகிறாள். எனவே, இவ்விலக்கிய வகை கிறித்து பிறப்பைப் பாட இயல்பாகவே பொருந்துவதாயிற்று.

இருக்கையும் கிண்ணமும்

ஆயின், இலக்கியம் கண்ட இப்பொருளை ஆலயம் முழுமையாக ஏற்கவில்லை. தஞ்சைச் சபையில் வேளாளர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் தனித்தனி இருக்கைகள் இருந்தன. 1820களில் இளைய மறைப்பணியாளர் சிலர் இவ்வேறுபாட்டை நீக்கவும், நற்கருணையின்போது அனைவரும் வேறுபாடின்றி ஒரே கிண்ணத்தில் பருகவும் வற்புறுத்தினர். அதனை எதிர்த்தோருள் முதன்மையானவர் வேதநாயகம் சாஸ்திரியாரே. சாதி என்பது சமயத்தைச் சாராத உலகியல் வழக்கு என்பது அவர் தரப்பின் வாதம். 1833இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகக் கைவிடப்பட வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். அதனை ஏற்காமல் பலர் சபையை விட்டு விலகினர்.

சாஸ்திரியாரின் நிலைப்பாட்டைத் தனிமனிதக் குறையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. தமிழ் இசையையும் வழக்காறுகளையும் ஐரோப்பியர் அழித்துவிடுவர் என்னும் அச்சமும் அதனுடன் கலந்திருந்தது. எனினும், குறத்தியின் வாயால் நற்செய்தி சொல்வித்த புலவர், அவளொத்தோர் தம் அருகமர்ந்து ஒரே கிண்ணத்தில் பருகுவதை ஏற்கவில்லை என்பது மறுக்கவியலாதது. அவர் கவிதை சென்ற தொலைவுக்கு அவர் செல்லவில்லை.

இச்சிக்கல் அக்காலத்தோடு முடிந்துவிடவில்லை. தில்லி மடல் வெளிவந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2003 நவம்பரில், உரோமைக்கு வந்த தமிழக ஆயர்களிடம் பேசிய அதே திருத்தந்தை, கிறித்தவரிடையே நிலவும் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். இயேசு ஆசியர் என நினைவூட்டிய குரலே, அவர் எத்தகையோரிடையே பிறந்தார் என்பதையும் நினைவூட்ட வேண்டியதாயிற்று.

முடிவுரை

கிறித்துவை இம்மண்ணுக்குரியவராக்கும் பணியைத் தமிழ் இலக்கியம் இரு நிலைகளில் ஆற்றியுள்ளது. தேம்பாவணி தச்சனைக் காப்பியத் தலைவனாக்கியது. பெத்லகேம் குறவஞ்சி குறத்தியை நற்செய்தியாளர் ஆக்கியது. இரண்டும் தமிழ் வடிவங்களை ஏற்றதோடு, மனுவுருவாதலின் உட்பொருளான தாழ்மையையும் அவ்வடிவங்களுள் கண்டன. மொழியாலும் இசையாலும் தமிழாதல் ஒருபடி. எளியோரோடு ஒன்றாதல் மறுபடி. முதற்படியைத் தமிழ்க் கிறித்தவம் பெருமிதத்தோடு கடந்தது. இரண்டாம் படியில் அது நெடுங்காலம் தயங்கி நின்றது. டிசம்பர்தோறும் ஆலயங்களில் அமைக்கப்படும் மாட்டுக்குடில், நம்பிக்கையாளரின் முன் வைக்கும் வினாவும் இதுவே: முன்னணையில் கிடந்தவரை வணங்குவோர், முன்னணைக்கு அருகில் வாழ்வோரோடு ஒரே கிண்ணத்தில் பருக ஒருப்படுவரா என்பது.