விண்ணப்பப் படிவமும் வாயிற் காவலும்: ஐக்கிய அமெரிக்கக் கல்லூரி அனுமதி பற்றியதொரு வரலாற்று நோக்கு

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாளன்று நம் நாட்டு மாணவர் ஒருவரின் பல்கலைக்கழகக் கனவு பெரும்பாலும் ஓர் எண்ணிலே தங்கிவிடுகின்றது. அவர் எத்தகைய இயல்பினர், ஓய்வு நேரத்தில் யாது செய்தார், தம் வாழ்க்கையைப் பற்றி யாது எண்ணுகின்றார் என்பனவற்றை எவரும் வினவுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் புகழ்பெற்ற கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் உயர்நிலைப் பாடசாலை மாணவரின் நிலை வேறு. புள்ளிகளோடு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதங்களையும், இணைபாடவிதானச் செயற்பாடுகளின் பட்டியலையும், தம்மைப் பற்றித் தாமே வரைந்த கட்டுரையையும் அவர் சமர்ப்பித்தல் வேண்டும். இவற்றைத் திறம்பட அமைப்பதற்காக அம்மாணவர் ஆண்டுக்கணக்கில் ஆயத்தஞ் செய்கின்றார்.

புள்ளியை மட்டும் நோக்காது முழு மனிதனையும் நோக்கும் இம்முறை நம்முடையதைக் காட்டிலும் மனிதத்தன்மை வாய்ந்தது எனக் கருதுவோர் நம்மிடையே உளர். இக்கட்டுரையாசிரியனும் அவ்வாறு கருதியவனே. ஆயின், 'நீ யார்?' என்னும் அவ்வினா அமெரிக்க விண்ணப்பப் படிவத்தில் எப்போது, எதன்பொருட்டு இடம்பெற்றது என்பதை ஆராயுமிடத்து அக்கருத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் அரிதாகின்றது. அவ்வினாவின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரீட்சையே வாயிலாக இருந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தத்தமக்கெனத் தனித்தனி நுழைவுப் பரீட்சைகளை நடாத்தின. இலத்தீன், கிரேக்கம், கணிதம் என்பன அவற்றில் முதன்மை பெற்றன. ஒரு கல்லூரி விதித்த பாடநூல்களை இன்னொன்று விதிப்பதில்லை. எனவே, பல கல்லூரிகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்த பாடசாலைகள் பெரும் இடர்ப்பட்டன. இக்குழப்பத்தை நீக்கும்பொருட்டு ஹாவார்ட்டின் தலைவர் சார்ள்ஸ் எலியட், கொலம்பியாவின் நிக்கலஸ் மறே பட்லர் முதலியோரின் முயற்சியால் 1900ஆம் ஆண்டிற் கல்லூரி நுழைவுப் பரீட்சைச் சபை நிறுவப்பட்டது. 1901 யூன் மாதத்தில் நடைபெற்ற அதன் முதற் பரீட்சைக்குத் தோற்றியோர் 973 பேராவர்.

அக்காலத்தில் ஆயத்தம் என்பது பாட ஆயத்தமே. பரீட்சையிற் போதிய அளவு தேறியவருக்குப் பொதுவாக இடங் கிடைத்தது. இத்தனை பேரைத்தான் சேர்ப்போம் என்னும் எல்லை வகுக்கப்படவில்லை. இம்முறையும் யாவர்க்கும் சமனான வாயிலாக அமைந்ததெனக் கூறுதற்கில்லை. கிரேக்கமும் இலத்தீனும் செவ்வனே கற்பித்தவை செல்வர் பிள்ளைகள் பயின்ற தனியார் விடுதிப் பாடசாலைகளே. ஆயினும், இம்முறைக்கு ஒரு சிறப்பு இருந்தது. வாயிலிற் கேட்கப்படும் வினா யாதென்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதனைக் கற்றுவந்தவனை, அவன் எவர் மகனாயினும், திருப்பியனுப்புதல் எளிதன்று.

விண்ணப்பப் படிவத்தின் பிறப்பு

இச்சிறப்பே பின்னர் கல்லூரித் தலைவர்களுக்குச் சங்கடமாயிற்று. 1880களிலிருந்து கிழக்கு ஐரோப்பாவில் நிலவிய வறுமைக்கும் வன்செயல்களுக்கும் அஞ்சிய யூத மக்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்காவிற் குடியேறினர். தையற்கூடங்களிலும் தள்ளுவண்டிகளிலும் உழைத்த பெற்றோர் தம் பிள்ளைகளை அரசாங்கப் பாடசாலைகளுக்கு அனுப்பினர். அப்பிள்ளைகள் கற்றனர், பரீட்சையிற் தேறினர், கல்லூரிகளினுள் நுழைந்தனர். 1900ஆம் ஆண்டளவில் ஹாவார்ட் மாணவருள் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பேராக இருந்த யூதர், 1922ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 21 பேருக்கு மேலாயினர். நியூயோர்க் நகரத்தின் நடுவே அமைந்த கொலம்பியாவில் இவ்விகிதம் இன்னும் உயர்ந்து காணப்பட்டது.

முதலில் விழித்துக்கொண்டது கொலம்பியாவே. 1919ஆம் ஆண்டில் அது புதியதொரு விண்ணப்பப் படிவத்தை வழங்கியது. விண்ணப்பதாரியின் சமயம், தந்தையின் பிறப்பிடம், தாயின் மணத்திற்கு முந்திய பெயர் என்பவற்றோடு புகைப்படமும் கோரப்பட்டது. பாட அறிவைச் சோதிக்கும் பரீட்சை இவற்றுள் எதனையும் கேட்டதில்லை. சில ஆண்டுகளுள் அங்கு யூத மாணவரின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ஹாவார்ட்டில் நிகழ்ந்தது மேலும் நுணுகி நோக்கற்பாலது. 1909இல் எலியட்டின் பின் தலைமையேற்ற லோரன்ஸ் லோவெல், குடிவரவைக் கட்டுப்படுத்த முயன்ற கழகமொன்றின் துணைத் தலைவருமாவார். 1922ஆம் ஆண்டில் யூத மாணவரின் தொகையை நூற்றுக்கு 15 ஆக மட்டுப்படுத்தல் வேண்டுமென அவர் வெளிப்படையாகவே கருத்துரைத்தார். கண்டனங்கள் எழுந்தன. பின்னாளில் உயர் நீதிமன்ற நீதியரசரான பீலிக்ஸ் பிராங்பேட்டர் அதனை எதிர்த்தோருள் ஒருவர். இதனை ஆராய நியமிக்கப்பட்ட ஆசிரியர் குழு 1923இல் ஒதுக்கீட்டு யோசனையை நிராகரித்தது. அத்துடன், தூரத்து மாநிலங்களின் மாணவரை ஈர்க்கும்பொருட்டு, தத்தம் பாடசாலையில் முதல் ஏழிலொரு பகுதியினுள் இடம்பெறுவோரைப் பரீட்சையின்றியே சேர்க்கலாம் எனவும் விதந்துரைத்தது. எதிர்பார்த்ததற்கு மாறாக, அவ்வழியாலும் யூத மாணவர் பெருந்தொகையினராய் வந்தனர்.

வெளிப்படையாகத் தோற்ற நோக்கத்தை லோவெல் வேறு வழியால் நிறைவேற்றிக்கொண்டார். 1922ஆம் ஆண்டின் விண்ணப்பப் படிவத்திலேயே இனம், சமயம் என்பன வினவப்பட்டன. மாணவனின் பெயரோ தந்தையின் பெயரோ பிறப்பின் பின்னர் மாற்றப்பட்டதா எனவும் வினவப்பட்டது. 1926இல் முதலாண்டு மாணவர் தொகை 1,000 என மட்டுப்படுத்தப்பட்டது. இடங்கள் எல்லைக்குட்பட்டதும் தெரிவு அவசியமாயிற்று. தெரிவுக்குரிய அளவுகோல்களுள் குணநலனும் ஆளுமையும் முக்கியத்துவம் பெற்றன. யேல், பிரின்ஸ்ரன் ஆகியனவும் இத்தகைய வழிகளையே மேற்கொண்டன. நேர்முகப் பரீட்சை, புகைப்படம், பரிந்துரைக் கடிதம், பழைய மாணவரின் புதல்வர்க்குச் சலுகை என இன்று நாம் அறியும் அமைப்பின் கூறுகள் பல இக்காலத்திலேயே உருப்பெற்றன.

குணநலனை மதித்தோர் யாவரும் தீய எண்ணத்தினர் எனக் கூறல் நேர்மையாகாது. ஏட்டறிவு மட்டும் மனிதனை அளக்கப் போதாது என மனமார நம்பிய ஆசிரியரும் இருந்தனர். ஆயின், புள்ளிக்கும் குணநலனுக்குமிடையே ஒரு வேறுபாடுண்டு. புள்ளி குறைந்தது எனின் அதனைக் காட்டுதல் வேண்டும். குணநலன் போதாது எனக் கூறுவதற்குச் சான்று எதுவும் வேண்டியதில்லை. திருப்பியனுப்பப்பட்டவன் தான் எதிற் குறைந்தான் என்பதை ஒருபோதும் அறியான். தெரிவாளர்க்கு இம்முறை அளித்த பெரும் வசதி இதுவே.

உளச்சார்புப் பரீட்சையும் அதன் முரண்பாடும்

1926 யூன் மாதத்தில் இன்னொரு கருவியும் அறிமுகமாயிற்று. எஸ்.ஏ.ரி. எனச் சுருக்கமாக வழங்கப்படும் உளச்சார்புப் பரீட்சைக்கு அப்போது 8,040 பேர் தோற்றினர். அதனை உருவாக்கிய பிரின்ஸ்ரன் உளவியலாளர் கார்ள் பிரிகாம், முதலாம் உலகப்போர்க் காலத்தில் இராணுவத்தினர்க்கு நடாத்தப்பட்ட நுண்மதிச் சோதனைகளை ஆதாரமாகக் கொண்டு வட ஐரோப்பிய இனத்தாரே மேம்பட்டவர் என 1923இல் நூலெழுதியவர். 1930இல் அம்முடிபு அடிப்படையற்றது என அவரே ஒப்புக்கொண்டு கைவிட்டார். வரலாற்றின் முரண்பாடு யாதெனில், இத்தகையவர் ஆக்கிய கருவியே பின்னர் வாயிலை ஓரளவு அகலத் திறக்கப் பயன்பட்டமையாகும்.

1933இல் ஹாவார்ட்டின் தலைவரான ஜேம்ஸ் கொனன்ற், கிழக்குக் கரையோரச் செல்வக் குடும்பங்களுக்கு வெளியேயுள்ள திறமைசாலிகளைத் தேட விரும்பினார். அதன்பொருட்டுத் தேசியப் புலமைப்பரிசில் திட்டமொன்றைத் தொடக்கினார். அதற்குரியோரைத் தெரிவதற்கு எஸ்.ஏ.ரி. பயன்படுத்தப்பட்டது. இலினோய் மாநிலத்தின் பாடசாலையொன்றிலிருந்து 1935இல் இப்புலமைப்பரிசில் பெற்று ஹாவார்ட் சென்ற ஜேம்ஸ் டோபின், 1981இல் பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்றார். 1947இற் கல்விப் பரீட்சிப்புச் சேவை நிறுவப்பட்டதோடு இப்பரீட்சை நாடளாவியதாயிற்று.

உளச்சார்பு இயல்பாக அமைவது. அதற்கு ஆயத்தஞ் செய்தல் இயலாது என்பதே இதனை நடாத்தியோரின் வாதம். 1946ஆம் ஆண்டளவில் புரூக்ளினில் ஸ்ரான்லி கப்லன் என்னும் தனியார் வகுப்பாசிரியர் இதற்கும் மாணவரைப் பயிற்றத் தொடங்கினார். யூதக் குடியேறிகளின் மகனான அவரே மருத்துவக் கல்லூரி அனுமதி மறுக்கப்பட்டவர். வாயில் மறுக்கப்பட்டோரின் பிள்ளைகள் வாயிலுக்குரிய திறவுகோலைத் தாமே ஆக்கிக்கொண்ட கதையாக அதனைக் கொள்ளலாம். ஆயின், அத்தொழில் பெருவணிகமானபோது பணமுள்ளோரே அத்திறவுகோலை எளிதில் வாங்கினர். கப்லனின் நிறுவனம் 1984இல் வாஷிங்ரன் போஸ்ற் நிறுவனத்தாரிடம் கைமாறியது.

இன்றைய மாணவரின் ஆயத்தம்

1975ஆம் ஆண்டில் 15 தனியார் கல்லூரிகள் ஒன்றுசேர்ந்து ஒரே விண்ணப்பப் படிவத்தை ஏற்றுக்கொண்டன. இன்று அப்பொதுப் படிவத்தை ஏற்கும் நிறுவனங்கள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. அதிற் செயற்பாடுகளைக் குறிப்பதற்குப் பத்து இடங்கள் உள. தன்னைப் பற்றிய கட்டுரை 650 சொற்களுக்கு மேற்படலாகாது. இப்பத்து இடங்களும் 650 சொற்களுமே பதினேழு வயது மாணவர் ஒருவரின் ஆயத்தத்தைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. விவாதக் கழகம், இசைக்குழு, விளையாட்டு, சமூகத் தொண்டு என ஒவ்வொன்றும் அதனதன் இன்பத்திற்காக மட்டுமன்றிப் படிவத்திற்காகவும் மேற்கொள்ளப்படுகின்றது. பாடசாலை முடிந்ததும் கடையிற் பணிபுரிந்து தம்பி தங்கையரைப் பராமரிக்கும் மாணவரும் அப்பொறுப்பை அப்படிவத்தில் எழுதலாம். ஆயின், அதுவும் எழுதத்தக்கதே என அவருக்கு எடுத்துக்கூற ஒருவர் வேண்டும். வசதி படைத்த பாடசாலைகளில் அத்தகைய ஆலோசகர் அருகிலேயே இருப்பர். ஏனைய இடங்களில் ஓர் ஆலோசகர் பல நூறு மாணவரைக் கவனிக்க வேண்டியவராகின்றார்.

'ஆளுமை' எத்துணை எளிதிற் புனையப்படலாம் என்பதை 2019 மார்ச் மாதத்தில் வெளிவந்த மோசடி வழக்கு உலகறியக் காட்டியது. செல்வந்தர் சிலர் பெரும் பணங் கொடுத்துத் தம் பிள்ளைகளை விளையாட்டு வீரர் எனப் பொய்யாகக் காட்டி அனுமதி பெற்றிருந்தனர். அதற்குச் சற்று முன்னர், 2018இல், ஹாவார்ட்டுக்கு எதிரான வழக்கு விசாரணையில் ஆசிய அமெரிக்க விண்ணப்பதாரிகள் தனிமனிதப் பண்புக்கான மதிப்பீட்டிற் சராசரியாகக் குறைந்த மதிப்புப் பெற்றமை வெளியாயிற்று. 2019இல் விசாரணை நீதிமன்றம் அதனை வேண்டுமென்றே செய்யப்பட்ட பாகுபாடு எனக் கொள்ளவில்லை. ஆயினும், நூறாண்டுக்கு முற்பட்ட நிகழ்ச்சிகளை அறிந்தோர்க்கு அது பழைய நினைவைக் கிளறிற்று. அவ்வழக்கின் இறுதித் தீர்ப்பை 2023 யூன் 29ஆம் நாள் வழங்கிய உயர் நீதிமன்றம், அனுமதியில் இனத்தை ஒரு காரணியாகக் கொள்ளும் முறையைச் சட்டவிரோதமாக்கியது. இனம் தன் வாழ்க்கையை எவ்வாறு பாதித்தது என்பதை மாணவர் கட்டுரையில் எழுதுவதற்குத் தடையில்லை எனவும் அத்தீர்ப்புக் கூறியது. பிறப்பைக் கண்டறிந்து விலக்கும்பொருட்டு ஒருகாலத்தில் வினவப்பட்ட கேள்விக்கு, அப்பிறப்பினால் நேர்ந்த இன்னலை எடுத்துரைத்து இடங் கேட்கும் விடை இன்று எழுதப்படுகின்றது.

முடிவுரை

இவ்வரலாறு பரீட்சையே தூயது என்றோ, கட்டுரையே கபடமானது என்றோ நமக்கு உணர்த்தவில்லை. கிரேக்க இலக்கணம், உளச்சார்புப் புள்ளி, குணநலன் என வாயிலில் எதனைக் கேட்டாலும் அதற்கு முந்தி ஆயத்தஞ் செய்வோர் வாயிலுக்கு அண்மையில் வாழ்வோரே என்பதை அது உணர்த்துகின்றது. புதியோர் அவ்வாயத்தத்தைக் கற்றுக்கொண்ட வேளையிற் கேள்வி மாற்றப்பட்டமையையும் அது காட்டுகின்றது.

நாமும் இதற்குப் புறம்பானவரல்லேம். 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தலையும் 1974இல் மாவட்ட ஒதுக்கீட்டையும் கண்ட சமூகத்தினர் நாம். ஒரே புள்ளிக்கு வெவ்வேறு பெறுமதி கற்பிக்கப்பட்டபோது ஒரு தலைமுறை அடைந்த கசப்பு இந்நாட்டு வரலாற்றையே மாற்றியது. அதேவேளை, பின்தங்கிய மாவட்டத்தின் மாணவர்க்கு ஒதுக்கீடின்றேல் இடமேது என்னும் கேள்வியும் நம் வன்னியிலும் மலையகத்திலும் நியாயமாகவே எழுகின்றது. இன்று திறமைக்கு நூற்றுக்கு 40, மாவட்டங்களுக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 எனப் பகிரப்படும் இடங்களுள் ஒன்றிலிருந்தே இதனை வாசிக்கும் மாணவர் பலரும் வந்துள்ளனர்.

ஆதலின், அனுமதி முறை எதுவாயினும் அதனிடம் மூன்று வினாக்களை எழுப்புதல் நம் கடனாகும். இவ்வளவுகோலை ஆக்கியவர் எவர்? இதற்கு ஆயத்தஞ் செய்யும் வசதி எவர்க்குண்டு? திருப்பியனுப்பப்பட்டவர்க்குக் காரணம் கூறப்படுகின்றதா? இவற்றுள் மூன்றாவதற்கு விடையளிக்க மறுக்கும் வாயில் எதுவாயினும், அதன் முகப்பில் எத்துணை உயர்ந்த சொற்கள் பொறிக்கப்பட்டிருப்பினும், அதனை நாம் ஐயுறுதல் தகும்.