அடங்கல் முதல் அட்டவணை வரை

எங்கள் ஓமந்தூரில் தாத்தா காலத்தில் கிராமக் கணக்கரான கர்ணம் எழுதிய அடங்கல் என்னும் பயிர்க் கணக்கை ஜமாபந்தி என்னும் ஆண்டுத் தணிக்கையில் வரிவரியாகச் சரிபார்ப்பார்கள். சர்வே எண், பரப்பு, பயிர் எனக் கேள்விகள் மாறாது. விவரம் மட்டும் மாறும். கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தது. இன்று பட்டா, சிட்டாவை இணையப் படிவத்தில் பார்க்கிறோம்.

படிவங்களைச் சோதிக்கும் நிரல் எழுதுவது என் தொழில். சர்வே எண் காலியாக இருந்தால் ஒரு சோதனை, எழுத்து கலந்தால் இன்னொன்று என ஒரே நிரலை நகலெடுத்து ஒட்டுவதே பலரின் வழக்கம். எங்கள் மாவட்டம் 1993-இல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்து விழுப்புரம் ஆனது. அப்படி ஒரு விவரம் மாறினால் அத்தனை நகல்களையும் திருத்த வேண்டும்.

வார்ட் கன்னிங்ஹாம் 2002-இல் உருவாக்கிய ஃபிட் என்ற கருவி, அடங்கலைப் போலவே சோதனைகளை அட்டவணையாக்கியது: வரிக்கு ஓர் உள்ளீடு, எதிர்பார்க்கும் விடை. 2006-இல் வந்த ஜேயூனிட் 4 என்ற சோதனைக் கருவி, ஒரே சோதனையைப் பல தரவுகளுடன் ஓட்ட வழிசெய்தது. எனக்கு இந்த முறை பெரிய விடுதலை. ஆனால் வெவ்வேறு விதிகளை ஒரே சோதனைக்குள் திணிப்பது தவறு.

இளம் சோதனையாளர்களே, அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் பெயர் வையுங்கள். எது தவறியது என்று உடனே தெரியும்.