நாடா மறக்கவில்லை

ஒலி பிறந்த கணமே மறையும் இயல்புடையது. அதனைப் பிடித்து நிறுத்த மனிதன் கண்ட வழிகளுள் காந்த ஒலிநாடா சிறப்புடைய ஒன்று. அதன் வரலாற்றை நூல்களில் படித்தறிவோர் உண்டு. பழுதுற்ற கருவி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தறியும் வாய்ப்பு எனக்குச் சென்ற ஆண்டு கிட்டியது.

என் தந்தையார் 1968-ஆம் ஆண்டு அரசுப்பணி ஏற்றுத் தில்லிக்கு வந்தவர். சிறுகச் சேமித்து, பிறர் பயன்படுத்திய ஜெர்மானிய டேப் ரிக்கார்டர் ஒன்றை வாங்கினார். வால்வுகளால் இயங்கும் சுருள்நாடாக் கருவி அது. 1974-இல் விடுமுறைக்கு மாயூரம் சென்றபோது அதனையும் சுமந்து சென்று, தம் அன்னையாரின் பேச்சையும் தாலாட்டையும் பதிந்து வந்தார். மூன்றாண்டுகளில் பாட்டியார் மறைந்தார். நான் பிறந்தது அதற்குப் பின்னர். கருவியும் பழுதுற்றுப் பரண் ஏறியது. இன்று தந்தையார் எண்பதைக் கடந்தவர். செவிப்புலன் மங்கி வருகிறது. “முழுவதும் அடைபடுமுன் அம்மா குரலை ஒருமுறை கேட்க வேண்டும்” என்றார். கோப்புகளையன்றித் திருப்புளியைக் கையாண்டறியாத எழுத்தனாகிய நான் அப்பணியை ஏற்றேன்.

கம்பியில் பிறந்த கலை

காந்தத்தில் ஒலியைப் பதியலாம் என்னும் கருத்தை 1888-இல் அச்சில் வெளியிட்டவர் ஆபர்லின் ஸ்மித் என்னும் அமெரிக்கப் பொறியாளர். அதனைச் செய்து காட்டியவர் டென்மார்க்கின் வால்டெமார் பவுல்சன். 1898-இல் அவர் கண்ட டெலிகிராபோன் எஃகுக் கம்பியில் ஒலியைப் பதிந்தது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் குரல் அதில் பதியப்பட்டது. அக்குரல் இன்றும் உளது.

கம்பி கனமானது; எளிதில் முறுக்கிக்கொள்வது. 1928-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் புளூமர் என்பார் காகித நாடாவின்மீது இரும்புத்தூளைப் பசையால் ஒட்டி, இலேசான நாடாவுக்கு வழி கண்டார். சிகரெட்டுத் தாளில் பொன்னிறப் பூச்சு ஏற்றிய அனுபவமே அவருக்குக் கைகொடுத்தது. பின்னர் ஏ.இ.ஜி. நிறுவனம் கருவியையும், பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் நாடாவையும் உருவாக்க, 1935-ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னட்டோபோன் அரங்கேறியது.

எனினும் இரைச்சல் அகலவில்லை. 1940-இல் ஜெர்மானிய வானொலிப் பொறியாளர் வால்டர் வெபர், பழுதுற்ற பெருக்கி ஒன்று தானே உயர் அதிர்வெண் மின்னலையை எழுப்பியபோது, பதிவில் இரைச்சல் வெகுவாகக் குறைந்ததைக் கண்டார். ஒலியோடு அவ்வலையையும் கலந்து பதியும் முறை அன்றுமுதல் அங்கு வழக்காயிற்று. பழுதே பாடமான விந்தை இது.

போருக்குப் பின் 1945-இல் அமெரிக்கப் படையின் ஜான் மல்லின் அக்கருவிகளைக் கண்டு வியந்து, இரண்டு கருவிகளையும் ஐம்பது சுருள்களையும் தம் நாட்டுக்கு அனுப்பினார். 1947-இல் பாடகர் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சி நாடாவில் பதிந்து ஒலிபரப்பப்பட்டது. 1963-இல் கேசட் தோன்றும் வரை, வீடுகளில் சுருள்நாடாவே கோலோச்சியது.

திருப்புளி பிடித்த கதை

இவ்வளவும் படித்த ஆர்வத்தில் கருவியை நேரே மின்சாரத்தில் இணைக்க முற்பட்டேன். தடுத்தவர் எங்கள் குடியிருப்பில் வாழும், ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக்காகிய பெரியவர். “தம்பி, நாற்பதாண்டு உறங்கியதைத் தட்டி எழுப்பக் கூடாது” என்றார். வால்வுக் கருவியின் கன்டென்சர்கள் காலப்போக்கில் கெட்டிருக்கும். திடீரென முழு மின்னழுத்தம் பாய்ந்தால் டிரான்ஸ்பார்மரே எரியலாம். இணைப்பை நீக்கிய பின்னும் அவற்றில் தேங்கும் மின்சாரம் ஆளைத் தாக்கவல்லது. ஆதலின் கெட்டவற்றை அவரே மாற்றித் தந்தார். பின்னர் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துச் சோதித்தோம். பல்பு மங்கலாக எரிந்தது. உள்ளே மின்கசிவு இல்லையென்று தெளிந்தோம்.

எஞ்சிய வேலை என்னுடையது. ரப்பர் பெல்ட் கரிய தாராக இளகி ஒட்டியிருந்தது. ஸ்பிரிட்டால் துடைக்க இரு மாலைகள் சென்றன. செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜபத்ராய் மார்க்கெட்டில் அலைந்து, அளவொத்த பெல்ட் வாங்கினேன். நாடாவைச் சீராக இழுப்பது கேப்ஸ்டன் என்னும் எஃகுத் தண்டு. அதனோடு நாடாவை அழுத்தும் ரப்பர் உருளை வழவழத்திருந்தது; துடைத்துப் பிடிமானம் வருவித்தேன். காய்ந்த கிரீசை நீக்கிப் புதிய எண்ணெய் இட்டேன். ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, அதிலேறிய காந்தத்தையும் நீக்கினோம். இல்லையேல் அது இரைச்சலைக் கூட்டி, பதிவையும் கெடுக்கும்.

“இனிப் பாட்டியைப் போடலாமா ஐயா?” என்றேன். “முதலில் வேண்டாத நாடா; பிறகே பாட்டி” என்றார். அவ்வறிவுரை என்னைக் காத்தது. சோதனை நாடா உருளையில் சுற்றிக் கசங்கிக் கிழிந்தது. உருளையின் அழுத்தத்தைச் சரிசெய்து, மும்முறை பழுதின்றி ஓடிய பின்னரே பாட்டியாரின் சுருளை எடுத்தோம். முகர்ந்து பார்க்கச் சொன்னார்; அசிட்டேட் நாடா சிதைந்தால் புளிக்காடி மணம் வீசுமாம். அம்மணம் இல்லை. பதிவுப் பொத்தானை அட்டை வைத்துக் கட்டினோம். தவறி அழுந்தினால் இருந்த குரலும் அழிந்துவிடுமன்றோ! கைப்பேசியிலும் பதிய ஏற்பாடு செய்தோம்.

ஐந்து அங்குலச் சுருளில் 600 அடி நாடா. நொடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடும். சிறு இரைச்சலுக்குப் பின், “ஏம்ப்பா, இது சுத்துதா? பேசலாமா?” என்றது ஒரு குரல். “சுத்துதும்மா, பேசுங்க” என்றது இளைஞர் ஒருவரின் குரல். ஒலிபெருக்கியின் அருகே செவி வைத்திருந்த முதியவர், தம் இருபத்தொன்பதாம் அகவைக் குரலை அடையாளம் காணவில்லை. அன்னையின் குரலைக் கண்டுகொண்டார்.

அன்பர்களே! ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்களின் பரண்களில் இத்தகைய சுருள்கள் இன்னும் உறங்கக்கூடும். காந்தம் எளிதில் மறப்பதில்லை. தளர்வன ரப்பரும் பசையுமே. அவற்றினும் விரைந்து தளர்வன கேட்க வேண்டியவர்களின் செவிகள். கருவி பழுதென்று சுருளை எறிந்துவிடாதீர்கள். அறிந்தவர் துணையின்றி அவசரப்பட்டு ஓட்டியும் பாராதீர்கள். ஆனால் காலந்தாழ்த்தாதீர்கள்.