கணக்கில் வராத வகுப்பு

மென்பொருள் துறையில் இருக்கிறவர்களிடம் வால்டார்ஃப் என்று சொன்னால் எஸ்ஏபி நிறுவனம்தான் நினைவுக்கு வரும். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில்தான் அதன் தலைமையகம். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் பெற்றோரிடம் அதே பெயரைச் சொன்னால் வேறு சித்திரம் வரும்: மரப் பொம்மைகள், நீர்வண்ணம், பின்னல் ஊசி, சின்ன வகுப்புகளில் கணினியே கிடையாது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

1763ல் அந்த வால்டார்ஃபில் ஒரு கசாப்புக்காரர் வீட்டில் பிறந்த யோஹான் யாக்கோப் ஆஸ்டர் அமெரிக்காவுக்குப் போய், விலங்குத்தோல் வியாபாரத்திலும் நியூயார்க் மனைகளிலும் பெரும்பணம் சேர்த்தார். அவர் வாரிசுகள் 1890களில் கட்டிய ஹோட்டல்தான் வால்டார்ஃப் ஆஸ்டோரியா. ஹோட்டலின் பெயர் ஒரு சிகரெட்டுக்குப் போனது. சிகரெட்டின் பெயர் ஸ்டுட்கார்ட்டில் அதைத் தயாரித்த ஆலைக்குப் போனது. ஆலையின் பெயர், அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கு வந்தது. இன்று உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் அதிகமான பள்ளிகள் அந்த வழியைப் பின்பற்றுகின்றன.

இந்தப் பள்ளிகள் வசந்த காலத்தில் பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் அனுப்பும் மடல்களைப் படித்துப் பார்த்தால், எந்த நாட்டுப் பள்ளியாக இருந்தாலும் விஷயங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். மே மாதக் கம்பத்தைச் சுற்றி ரிப்பன் ஆட்டம், எட்டாம் வகுப்பு நாடகம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் செயல்திட்டங்கள், தோட்ட வேலை, பழைய மாணவர் ஒருவரின் வெற்றிக் கதை. எங்காவது ஒரு பத்தியில் 1919ம் வரும். தொழிலாளர் பிள்ளைகள், நல்ல மனசுள்ள முதலாளி, ஞானி ஒருவர். அழகான கதை, உண்மையும்கூட. ஆனால் அந்தப் பள்ளிக்கு இன்னொரு வசந்தமும் இருக்கிறது, 1938. அதை அந்த மடல்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

முதலில் 1919ஐப் பார்த்துவிடுவோம். உலகப் போரில் தோற்ற ஜெர்மனி. மன்னராட்சி விழுந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஊரெங்கும் தொழிலாளர் குழுக்கள், வேலைநிறுத்தங்கள். ஆலையை நடத்திய எமில் மோல்ட், ஒரு தொழிலாளியோடு நடந்த உரையாடலைத் தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். அந்தத் தொழிலாளியின் மகனை மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று ஆசிரியர் பரிந்துரைத்திருக்கிறார். அப்பாவுக்குச் சந்தோஷம், ஆனால் செலவுக்கு வழியில்லை. அன்றைய ஜெர்மனியில் பத்து வயசு வாக்கிலேயே பிள்ளைகள் பிரிக்கப்பட்டுவிடுவார்கள். ஒருத்தன் ஆலைக்கு, இன்னொருத்தன் பல்கலைக்கழகத்துக்கு. அந்தப் பிரிவினை நடக்காத ஒரு பள்ளி வேண்டும் என்று மோல்ட் நினைத்தார்.

அவர் போய்க் கேட்டது ருடால்ஃப் ஸ்டைனரிடம். ஸ்டைனர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு ஒரு தொடர்பு உண்டு. அடையாறில் தலைமையகம் வைத்திருந்த தியசாபிகல் சொசைட்டியின் ஜெர்மன் பிரிவுக்கு 1902லிருந்து அவர்தான் பொதுச்செயலாளர். அடையாறு கடற்கரையில் கண்டெடுத்த சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியை வருங்கால உலக குருவாக அன்னி பெசன்ட் முன்னிறுத்தியபோது, அதை ஏற்க முடியாமல் 1912-13ல் ஸ்டைனர் பிரிந்துபோய் ஆந்த்ரபாசபி என்ற தன் அமைப்பைக் கட்டினார். பின்னாளில் கிருஷ்ணமூர்த்தியும் அந்தப் பட்டத்தை உதறிவிட்டுப் பள்ளிகள் தொடங்கினார் என்பது இந்தக் கதையின் வேடிக்கையான கிளை.

1919 ஏப்ரல் 23 அன்று ஸ்டைனர் ஆலைத் தொழிலாளர்கள் முன் பேசினார். பள்ளியை ஏற்று நடத்த அவர் வைத்த நிபந்தனைகள் தெளிவானவை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும், ஆணும் பெண்ணும் ஒன்றாகப் படிக்க வேண்டும், பன்னிரண்டு வருஷமும் பிரிக்கக்கூடாது, பள்ளியை நடத்துவது ஆசிரியர்களாக இருக்க வேண்டும், அரசின் கை முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும். வூர்டெம்பெர்க் மாநிலத்தில் 1836ல் போட்ட ஒரு பழைய பள்ளிச் சட்டம் தாராளமாக இருந்தது கைகொடுத்தது. அரசுச் சான்றிதழ் இல்லாதவர்களையும் தனியார் பள்ளியில் ஆசிரியராக்க அதில் வழி இருந்தது. ஊலாண்ட்ஸ்ஹோஹ என்ற குன்றில் இருந்த ஓர் உணவகத்தை மோல்ட் சொந்தப் பணத்தில் வாங்கினார். செப்டம்பர் 7ம் தேதி பள்ளி திறப்பு விழா. 8 வகுப்புகள், 256 பிள்ளைகள். அதில் 191 பேர் ஆலைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பள்ளியைப் பெற்ற ஆலை பத்து வருஷம்தான் தாங்கியது. 1929ல் ரீம்ட்ஸ்மா என்ற பெரிய சிகரெட் நிறுவனம் அதை விழுங்கி மூடிவிட்டது. பள்ளியோ ஆயிரம் பிள்ளைகளைத் தாண்டி வளர்ந்திருந்தது. 1925 மார்ச் 30ல் ஸ்டைனரும் இறந்துவிட்டார். பணம் போட்ட ஆலையும் இல்லை, வழி சொன்ன ஆளும் இல்லை. அப்படியும் நின்ற பள்ளிக்குத்தான் 1933ல் ஹிட்லரின் ஆட்சி வந்தது.

அரசின் கை குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்லிப் பிறந்த பள்ளி, சமூகத்தின் ஒவ்வொரு மூலையிலும் கை வைக்க வந்த அரசை எப்படி எதிர்கொண்டது? எதிர்த்து நின்றது என்று சொல்ல ஆசைதான். நடந்தது பேச்சுவார்த்தை. ஜெர்மனியின் வால்டார்ஃப் பள்ளிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு அமைத்தன. கட்சியில் செல்வாக்குள்ள பெற்றோரைத் தேடினார்கள். நாங்கள் ஜெர்மன் பண்பாட்டை வளர்ப்பவர்கள்தான், உங்களுக்கு விரோதிகள் இல்லை என்று விளக்க மனுக்கள் எழுதினார்கள். ஆசிரியர்கள் நாஜி ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்தார்கள். டிரெஸ்டன் பள்ளியின் எலிசபெத் க்ளைன் பெர்லினுக்குப் போய் அதிகாரிகளைப் பார்த்துப் பேசினார். ஹிட்லரின் துணைத்தலைவர் ருடால்ஃப் ஹெஸ்ஸுக்கு இயற்கை வேளாண்மை, மாற்று மருத்துவம் போன்றவற்றில் ஈடுபாடு இருந்தது. அவருடைய அலுவலகம் இவர்களுக்குக் கொஞ்ச காலம் குடை பிடித்தது.

அந்தக் குடைக்கு விலை உண்டு. 1934ல் ஸ்டுட்கார்ட் பள்ளியிலிருந்து யூத வம்சாவளி கொண்ட ஆசிரியர்கள் விலக வேண்டியிருந்தது: எர்ன்ஸ்ட் லேர்ஸ், ஃப்ரீட்ரிக் ஹீபெல், அலெக்ஸாண்டர் ஸ்ட்ராகோஷ், கார்ல் ஷூபெர்ட். பள்ளி இவர்களை வெறுத்து அனுப்பவில்லை. பள்ளியைக் காப்பாற்ற அனுப்பியது. ஒரு ஸ்தாபனத்தைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால் அடுத்தடுத்த படிகள் எல்லாமே நியாயமாகத் தெரியும் என்பதுதான் இதில் பயமுறுத்துகிற விஷயம். இன்றைக்கு நாலு பேர், நாளைக்கு ஆயிரம் பிள்ளைகள் என்று மனசு கணக்குப் போடும். அலுவலகங்களில் ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகும்போது பேசப்படுகிற பாஷையும் இதுதான். உயிர் போகிற விஷயம் இல்லை என்பதால் அங்கே நமக்கு உறுத்துவதில்லை, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஸ்டைனரின் எழுத்திலேயே இனங்களை மேல் கீழாக அடுக்கும் பகுதிகள் உண்டு. அவரை நாஜி என்று சொல்ல முடியாது, அவர் உயிரோடு இருந்தபோதே அவர்கள் அவரைத் தாக்கினார்கள். ஆனால் நாங்களும் நீங்களும் ஒரே ஜெர்மன் ஆன்மாவின் பிள்ளைகள் என்று மனு எழுத வேண்டிய நேரத்தில், அதற்கு வேண்டிய சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன.

கொடுத்ததெல்லாம் எதையாவது காப்பாற்றியதா? அன்றைய ஜெர்மனியில் பொதுவாகப் பள்ளி ஆண்டு ஈஸ்டரை ஒட்டித்தான் தொடங்கும். வூர்டெம்பெர்க்கின் முதல்வரும் கல்வி அமைச்சருமான கிறிஸ்டியான் மெர்கெந்தாலர், 1934ல் முதல் வகுப்புச் சேர்க்கைக்குத் தடை போட்டார். 1935 நவம்பரில் ஆந்த்ரபாசபி சங்கம் தடை செய்யப்பட்டது. தனிமனிதனை மையமாக வைக்கும் கல்விக்கும் தேசிய சோஷலிசத்துக்கும் ஒத்துவராது என்று அந்த உத்தரவே சொன்னது. 1936ல் நாடு முழுக்க எல்லா வால்டார்ஃப் பள்ளிகளிலும் புதுச் சேர்க்கை நின்றது. அதாவது, மூடு என்று சொல்லவில்லை. கீழிருந்து ஒவ்வொரு வகுப்பாகக் காலியாகும்படி விட்டார்கள். அந்த ஜூனில் மோல்ட் இறந்தார். பெர்லின் பள்ளி 1937ல் தானே மூடிக்கொண்டது. 1938 மார்ச் மாதக் கடைசியில் ஸ்டுட்கார்ட்டின் தாய்ப்பள்ளியை அரசு மூடியது. மிகத் தீவிரமாகப் பேச்சு நடத்திய டிரெஸ்டன் பள்ளி 1941 வரை தாக்குப்பிடித்தது. அந்த மே மாதம் ஹெஸ் விமானம் ஏறி ஸ்காட்லாந்துக்குப் போய் இறங்கினார். குடை போனதும் அதுவும் போனது.

இந்தக் கதையில் என்னை நிறுத்தியது இந்தப் பேச்சுவார்த்தைகள் அல்ல, ஒரு சின்ன வகுப்பு. வியன்னாவில் பிறந்த கார்ல் ஷூபெர்ட் 1920ல் பள்ளியில் சேர்ந்தபோது ஸ்டைனர் அவரிடம் ஒரு துணை வகுப்பை ஒப்படைத்தார். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து ஓட முடியாதவர்கள், பேச்சு வராதவர்கள், கற்றலில் பின்தங்கியவர்கள் அங்கே படித்தார்கள். 1934ல் பள்ளியின் ஆசிரியர் பட்டியலிலிருந்து ஷூபெர்ட்டின் பெயர் போனது, வகுப்பு போகவில்லை. 1938ல் பள்ளியே போனது, அப்போதும் வகுப்பு போகவில்லை. தனிப்பட்ட ஏற்பாடாக, போர் முடியும்வரை அவர் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே இருந்தார்.

அது எந்தக் காலம் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, ஒரு மணி நேரப் பயணத்தில் வந்துவிடும் கிராஃபெனெக் மாளிகையில் 1940 ஜனவரி முதல் டிசம்பர் வரை 10,600க்கும் மேற்பட்டவர்களை விஷவாயுவில் கொன்றார்கள். மனநோயாளிகள், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள். காப்பகங்களிலிருந்து சாம்பல்நிறப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டிலிருந்து வந்துபோன ஷூபெர்ட்டின் பிள்ளைகள் அந்தப் பேருந்துகளின் நேர்ப் பாதையில் இல்லை என்றாலும், வாழத் தகுதியற்ற உயிர் என்று அரசு முத்திரை குத்திய ஜாதியைச் சேர்ந்தவர்கள்தான் அவர்கள். அரசு இன்னொரு விதமாக முத்திரை குத்திய ஒரு மனிதர், காலையில் அவர்களுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆயிரம் பிள்ளைகள் படித்த புகழ்பெற்ற பள்ளிக்காக எத்தனையோ மனுக்கள், சந்திப்புகள், விட்டுக்கொடுத்தல்கள். அது மூடப்பட்டது. யாருடைய பேரத்திலும் பெரிய சரக்காக இல்லாத வகுப்பு தொடர்ந்தது. 1919ல் சொன்ன எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் என்ற நிபந்தனையை அந்த ஏழு வருஷமும் ஸ்டுட்கார்ட்டில் நிறைவேற்றியது அந்த அறை மட்டும்தான்.

1945 அக்டோபரில், குண்டுவீச்சில் சிதைந்த அதே குன்றில் பள்ளி மறுபடி திறந்தது. ஒன்றிரண்டு வருஷம் கழித்து அங்கே வந்து பள்ளிப்படிப்பை முடித்தவர்களில் ஒருவர் மிஷாயேல் எண்டே, முடிவில்லாத கதை என்ற நாவலை எழுதியவர். பழைய மாணவர் பட்டியலில் இப்படிப்பட்ட பெயர்கள் வரும், வரவும் வேண்டும். ஷூபெர்ட் 1949ல் இறந்தார். அவர் பெயரில் இன்று ஸ்டுட்கார்ட்டில் சிறப்புப் பள்ளி ஒன்று இருக்கிறது.

நாங்கள் நாஜிகளால் மூடப்பட்டவர்கள் என்ற ஒற்றை வரியைத்தான் வால்டார்ஃப் உலகம் பல பத்தாண்டுகள் தன் வரலாறாகச் சொல்லிக்கொண்டது. அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தை அது சொல்வதில்லை. 1990களிலிருந்து ஆவணக் காப்பகங்களில் அந்தக் கடிதங்களையும் மனுக்களையும் எடுத்துப் படித்தார்கள். உள்ளிருந்து எழுதிய ஊவெ வெர்னரும், வெளியிலிருந்து கடுமையாக விமர்சித்த பீட்டர் ஸ்டாடன்மையரும் எடை போடுவதில் வேறுபடுகிறார்கள். விலகல்களும் மனுக்களும் நடந்தன என்பதில் வேறுபாடு இல்லை. 2007ல் ஜெர்மன் வால்டார்ஃப் பள்ளிகளின் கூட்டமைப்பு, இனப் பாகுபாட்டுக்கு எதிராக ஸ்டுட்கார்ட் பிரகடனம் என்ற அறிக்கையை வெளியிட்டது. ஸ்டைனரின் எழுத்தில் இன்றைய பார்வைக்குப் பாகுபாடாகத் தெரியும் வரிகள் இருப்பதையும் அது ஒப்புக்கொள்கிறது.

நம்மூரிலும் மாற்றுக்கல்வி என்று தேடிப்போகிற பெற்றோர், எங்கள் பள்ளி அரசின் பாடத்திட்டத்துக்குள் அடைபடாதது என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்கிறேன். நல்லதுதான். ஆனால் சுதந்திரமான பாடத்திட்டம் வைத்திருந்ததால் மட்டும் ஒரு பள்ளிக்கு முதுகெலும்பு வந்துவிடவில்லை என்பதை ஸ்டுட்கார்ட் காட்டுகிறது. ஒரு பள்ளி எதற்காக இருக்கிறது என்பது, முதலில் யாரை விட்டுக்கொடுக்கிறது என்பதில்தான் தெரியவரும். அடுத்த வசந்த மடலில் 1919க்கு ஒரு பத்தி இருக்கட்டும். அதற்குக் கீழே 1934ல் விலகிய நாலு ஆசிரியர்களின் பெயருக்கு நாலு வரி இடம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.